காய் எடுத்த முழங்கால்களுக்கு யார் பயிற்சியாளர்?

ஏலச்செடி தன் காயைக் காலடியில் வைத்திருக்கும். தட்டை ஆள் உயரத்தைத் தாண்டி ஓங்கி நிற்க, பூவும் காயும் தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். காய் எடுக்க வேண்டுமென்றால் குந்தியாக வேண்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து நிமிர நேரமிருக்காது; குந்தியபடியே அடுத்த தூருக்கு நகர வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாதம் வரை சுற்றுச் சுற்றாக நடக்கும் காய் எடுப்பில் நாள் முழுக்க இதுதான் இருப்பு. புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்குப் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டைக்கடி. விடியுமுன் போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கங்களில் ஆள் ஏற்றும் ஜீப்புகள் மலையேறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் இறக்கிவிடும். பொழுது சாயத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தேவாரத்திலிருந்து சாக்குளத்து மெட்டு வழியாக நடந்தே ஏறிப்போன தலைமுறையும் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. மலைக்குப் போகாதவர்கள் போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து காய் பொறுக்கித் தரம் பிரித்தார்கள்.

அந்தப் பெண்களில் பலருக்கு இப்போது 65, 70 வயது. பொட்டிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள அடிவாரத்து ஊர்களிலும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். மகள் ஜீப்பில் போயிருப்பாள். பேரப்பிள்ளைகளையும் ஆட்டையும் இவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இவர்களிடம்தான் உலகம் முழுக்க முதியோருக்குப் பரிந்துரைக்கப்படும் புதிய கருவி மெல்ல வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசித் திரையில் தோன்றி ‘எழுந்து நில்லுங்கள், கையை உயர்த்துங்கள், மூச்சை விடுங்கள்’ என்று சொல்லித்தரும் மெய்நிகர்ப் பயிற்சியாளர் அது. சில வீடுகளில் பேரன் போட்டுக்காட்டும் யூடியூப் காணொளியாக இருக்கிறது. சில வீடுகளில் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம். வசதியுள்ள வீடுகளில் மாதச் சந்தா கட்டும் செயலி.

இந்தத் தொழில்நுட்பம் நம் முதியோருக்கு வேண்டும் என்பதே என் எண்ணம். தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் வேறெந்த இடத்தையும்விட அதிகமாகவே வேண்டும். ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் ஒரு மனிதர் வீட்டுக்கு வந்து அந்த உடலைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகும் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும். அது இல்லாமல் குரல் மட்டும் வந்தால் பலருக்குப் பயன்படாது. சிலருக்குக் கெடுதலாகவும் முடியும்.

‘நான் பாக்காத வேலையா?’

உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே இங்கே வரும் பதில் ஒன்றுதான். “எக்சைசு செய்யச் சொல்றாக. நான் பாக்காத வேலையாப்பா? மலையவே ஏறி எறங்குன காலு இது.” நகரத்திலிருந்து வருபவர்கள் இதை அறியாமை என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். இந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. இரண்டு பாதியையும் புரிந்துகொள்ளாமல் எந்தப் பயிற்சியாளரும், மனிதரானாலும் இயந்திரமானாலும், இவர்களிடம் ஒரு வாரம்கூட நிலைக்க முடியாது.

முதலில் தவறான பாதி. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. காய் எடுக்கும்போது உடல் ஒரே இருப்பில், ஒரே மூட்டுகளின் மேல், ஓய்வுக்கு இடமில்லாமல் சுமை தாங்குகிறது. எவ்வளவு சுமை, எத்தனை நேரம் என்பதை உடல் தீர்மானிப்பதில்லை, கூலி தீர்மானிக்கிறது. பயிற்சியில் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இடையில் ஓய்வு விடுவார்கள். தேய்ந்த மூட்டைக் காக்க வேண்டிய தசையைத் தேடி வலுவேற்றுவார்கள். மனிதருக்கு 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. 60-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாகக் குறைகிறது. வேலையை நிறுத்திய பெண்ணின் தொடைத் தசை வற்றும்போது, அது தாங்கிய பாரமும் முழங்கால் மூட்டிலேயே போய் இறங்குகிறது. வலிக்கிறது என்று நடப்பதைக் குறைக்கிறார். நடை குறையக் குறையத் தசை மேலும் வற்றுகிறது.

சமநிலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தலைச்சுமையோடு சரிவில் இறங்கிய பெண், தன் வீட்டு முற்றத்தில் ஈரத்தில் வழுக்கி விழுகிறார். கண்ணில் புரை, ரத்த அழுத்த மாத்திரை, கணுக்காலின் மந்தமான உணர்வு, காலை எடுத்து வைப்பதில் அரை நொடித் தாமதம் எல்லாம் சேர்ந்துதான் அவரை விழத்தட்டுகின்றன. உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் இறப்பவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். நம் ஊரில் இடுப்பெலும்பு முறிந்த கிழவியைப் பற்றிப் பேசும்போது ‘விழுந்தா, படுத்தா, போயிட்டா’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். விழுவதை வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு விட்டோம். அது தடுக்கக்கூடியது. 25 நாடுகளில் 23,407 பேரிடம் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை, முறையான உடற்பயிற்சி முதியோர் விழுவதை 23 விழுக்காடு குறைக்கிறது என்று உறுதிசெய்தது. சமநிலைப் பயிற்சியோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடுதல். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது இந்த இரண்டையும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல். வெறும் நடைப்பயிற்சியில் இவை முழுமையாகக் கிடைப்பதில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் நல்ல காரியம், நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு.

இனிச் சரியான பாதி. இந்தப் பெண்கள் உடலைப் பற்றித் தெரியாதவர்கள் அல்லர். எந்த இருப்பில் வலி ஏறும், எந்தப் பக்கம் சாய்ந்தால் இறங்கும் என்பதை ஐம்பது ஆண்டு அனுபவத்தில் அறிந்தவர்கள். அந்த அறிவை ஒரு வார்த்தை கேட்காமல், நாற்காலி வாழ்க்கை வாழ்ந்த நகரத்து உடலுக்கு வகுத்த பாடத்தை இவர்கள் முன் வைக்கிறோம். அவர்களுடைய கோபம் நியாயமானது.

குரல் வந்த வழி

நேரில் இல்லாத பயிற்சியாளர் நேற்று முளைத்தவர் அல்லர். 1928 நவம்பரில் ஜப்பான் வானொலி, இசைக்கு ஏற்பச் செய்யும் உடற்பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடத்திய வானொலிப் பயிற்சியைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை அது. போர்க்காலத்தில் அரசு அதை மக்களை அணிவகுக்க வைக்கும் கருவியாக்கியது. தோல்விக்குப் பின் நிறுத்தப்பட்டது. 1951-ல் புதிய வடிவில் திரும்பியது. இன்றும் காலை 6.30 மணிக்குப் பூங்காக்களில் ஜப்பானிய முதியவர்கள் கூடி, வானொலிக் குரலுக்குக் கை கால் அசைக்கிறார்கள். குரல் எங்கிருந்தோ வருகிறது. பக்கத்தில் நிற்பவர் தெரிந்தவர். ஒருநாள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஆள் இருக்கிறது. நூறாண்டை நெருங்கும் அந்த வழக்கம் நிலைத்து நிற்பதற்கு இதையே நான் முதல் காரணமாகக் காண்கிறேன்.

கணினித் திரையில் தோன்றும் பயிற்சியாளரை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே வேறு வகையில் சொல்கின்றன. பாஸ்டனில் டிமோதி பிக்மோர் என்ற கணினி அறிஞரின் குழு, நலம் விசாரித்து, பேச்சுக் கொடுத்து, நடக்க ஊக்கமூட்டும் சித்திரப் பெண் ஒருத்தியை உருவாக்கியது. 65 வயதைக் கடந்த 263 பேரிடம் அதைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவி வீட்டில் இருந்த முதல் இரண்டு மாதம் முதியவர்கள் கூடுதலாக நடந்தார்கள். பின்னர் கருவி மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு மாறியது. ஓராண்டு முடிவில் அந்த ஊக்கம் தேய்ந்துவிட்டது. நாம் மனத்தில் இருத்த வேண்டியது இன்னொரு முடிவு. மருத்துவச் செய்திகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கே பயன் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவர்களிடம் தெரியவில்லை. எழுத்தறியாத பெண்கள் மிகுந்த தலைமுறையைப் பற்றி யோசிக்கும்போது இது கசப்பான சேதி.

நம்பிக்கை தரும் சேதியும் உண்டு. சிட்னியில் 70 வயதைக் கடந்த 503 பேருக்கு, கைக்கணினியில் சமநிலைப் பயிற்சி சொல்லித்தரும் செயலியைக் கொடுத்து இரண்டு ஆண்டு கண்காணித்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, முதல் ஆண்டில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 16 விழுக்காடும், காயத்தோடு விழுவது 20 விழுக்காடும் குறைந்திருந்தன. தொடர்ந்து செய்பவருக்குத் திரைப் பயிற்சியும் பலன் தரும். தொடர வைப்பதுதான் பாடு. சிங்கப்பூரில் 2015-லேயே முதியோருக்குப் பயிற்சி சொல்லித்தர ‘ரோபோகோச்’ என்ற இயந்திர மனிதரைச் செய்து அறிமுகப்படுத்தினார்கள். அதுவும் முதியோர் கூடும் இடங்களை நம்பித்தான் வந்தது.

கேமரா பார்ப்பதும் பார்க்காததும்

இன்றைய செயலிகள் ஒரு படி மேலே போயிருக்கின்றன. கைபேசிக் கேமரா முன் நின்றால், மூட்டுகளைப் புள்ளிகளாக அடையாளம் கண்டு, முட்டி சரியாக மடங்குகிறதா, முதுகு வளைகிறதா என்று சொல்லும். கூகுளின் மென்பொருள் ஒன்று உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. வியக்கத்தக்க கண்டுபிடிப்பு. புடவை கட்டிய பெண்ணிடம் வரும்போது அதே கேமராவுக்கு இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் துணிக்குள் மறைந்துவிடுகின்றன. மீதியை அது ஊகித்துக்கொள்கிறது. நமக்குத் தெரிய வேண்டியதோ அந்த மறைந்த மூட்டுகளின் நிலைதான். ‘நன்று, தொடருங்கள்’ என்று அது பாராட்டும்போது எதைப் பார்த்துப் பாராட்டுகிறது?

காலடி எண்ணும் கருவிக்கும் இதே கதி. ஆண்கள் கைபேசியைச் சட்டைப்பையில் வைக்கிறார்கள். பெண்களின் கைபேசி அலமாரியிலோ டிவி மேலோ இருக்கிறது. அவர்கள் நாள் முழுக்க நடந்தாலும் கணக்கு சுழியம். மெதுவாக, காலை இழுத்து நடப்பவர்களின் காலடிகளை இந்தக் கருவிகள் குறைத்தே எண்ணும்; கம்பூன்றி நடந்தால் இன்னும் குறையும். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரைத்தான் கருவி அதிகம் தவறவிடுகிறது. போடியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வெளியூரில் இருக்கும் மகன் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். முதலில் அவருக்கும் உற்சாகம்தான். பிறகு தினமும் இரவு மகனிடமிருந்து அழைப்பு: “ஏம்ப்பா, இன்னிக்கு இவ்வளவுதான் நடந்தீங்களா?” முன்பு நாலு நாளைக்கு ஒருமுறை என்றாலும் ‘சாப்டீங்களாப்பா’ என்று தொடங்கிய பேச்சு, காலடிக் கணக்கில் தொடங்கிக் காலடிக் கணக்கில் முடிய ஆரம்பித்தது. கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். மகனின் அக்கறையில் குறையில்லை. அக்கறை போகும் வழியில் ஓர் எண் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

கைபேசி யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களிலேயே இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் கீழ். அதற்கு மூத்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நல்ல கைபேசி பேரனுடன் பள்ளிக்கூடத்துக்கோ கல்லூரிக்கோ போய்விடும். அவன் திரும்பி வரும் மாலையில்தான் சமையல், ஆடு, தண்ணீர் பிடிப்பது எல்லாம். அப்போது கூடத்தில் நின்று ஒரு மூதாட்டி கையைக் காலை ஆட்டினால் வருபவர் போகிறவர் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற கூச்சம் வேறு. இந்தக் கூச்சத்தைச் சிறிதென்று நினைத்துவிடக் கூடாது. தனியாகச் செய்யும்போது இது வெட்கம். பத்துப் பேர் சேர்ந்தால் காணாமல் போய்விடும்.

ஆபத்து பற்றியும் சொல்லியாக வேண்டும். முதியோர் பயிற்சிகளில் அடிப்படையானது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. காணொளியில் கனமான மர நாற்காலி இருக்கும். நம் வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. வழவழப்பான டைல்ஸ் தரையில் எழும்போது பின்னால் சறுக்கும். சுவரோடு ஒட்டிப் போட வேண்டும் என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல முடியும். ரத்த அழுத்த மாத்திரை போட்டவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். அவர் மாத்திரை போட்டாரா, எப்போது போட்டார், காலையில் சாப்பிட்டாரா என்பது திரைக்குத் தெரியாது. வீங்கிய முழங்காலைச் சூடு பார்த்து ‘இன்று இது வேண்டாம்’ என்று அதனால் சொல்ல முடியாது.

ஒன்றியத்துக்கு ஒருவர்

வீட்டுக்கே வந்து தொட்டுப் பார்க்கும் கை தமிழகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருவதை எல்லோரும் அறிவார்கள். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர் என்பது ஏற்பாடு. பக்கவாதம் வந்து படுத்தவரை எழுந்து உட்கார வைத்த கதைகளை இந்த மாவட்டத்து ஊர்களில் கேட்கலாம். அந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தது தகுதியானதே.

கணக்கைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் 8 ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள். ஒருவர் சராசரியாகப் பதினாறு ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பல குக்கிராமங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கே நேரம் போதாது. இன்னும் விழாதவர், விழப்போகிறவர், அவருடைய பட்டியலில் வரவே மாட்டார். தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 விழுக்காடு, 2031-ல் 18.2 விழுக்காடாக உயர்வார்கள் என்பது அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அத்தனை பேருக்கும் வாரம் மூன்று முறை நேரில் பயிற்சி தர எந்த அரசாலும் ஆள் போட முடியாது.

மெய்நிகர்க் குரலுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இதற்கு வழிகாட்டி. பயிற்சி பெற்ற ஒருவர் நான்கைந்து முறை வீட்டுக்குப் போய், அந்த ஆளின் உடலுக்கு ஏற்பப் பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். போகாத மாதங்களில் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார். அவ்வளவே ஏற்பாடு. செயலி இல்லை, கேமரா இல்லை; விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்தது. பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதை நடத்த முடியும் என்பதும் அங்கே நிரூபணமானது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது கடினமல்ல. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண் அந்த ஊர்க்காரர். எந்த வீட்டில் யார் எப்படி நடக்கிறார் என்று அறிந்தவர். அவருக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுக்கலாம்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் அவர் விழும் வாய்ப்பு அதிகமுள்ளவர். அப்படிப்பட்டவர்களின் பட்டியல் பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். அவர் நேரில் வந்து பார்த்து நான்கைந்து பயிற்சிகளை மட்டும் தேர்ந்து கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு தினமும் குரல் வரட்டும். அந்தக் குரல் சாதாரணப் பொத்தான் கைபேசிக்கு வரும் அழைப்பாக இருந்தால் போதும். கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் பதிவுக் குரலில் ஆலோசனை சொல்லும் ‘கில்காரி’ திட்டம் வட மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதே வழியை முதியோருக்கும் திறக்கலாம். அழைத்தவர்களில் யார் எடுக்கவில்லை என்ற பட்டியல் வாரக் கடைசியில் தன்னார்வலருக்குப் போனால், அவர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார். கணினி நன்றாகச் செய்யக்கூடிய வேலை இது. தன்னார்வலருக்கு இது கூடுதல் உழைப்பு. அதற்குரிய ஊக்கத்தொகையைக் கொடுக்காமல் ‘சேவை’ என்று அவர் தலையில் கட்டினால் திட்டம் தேறாது.

கும்மியும் கோடை பண்பலையும்

அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும்? சீனத்தின் தை சி அசைவுகள் முதியோர் விழுவதைக் குறைக்கின்றன என்று காக்ரேன் ஆய்வறிக்கையே சொல்கிறது. அதில் இருப்பது உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, பக்கவாட்டில் அடி வைப்பது, மெதுவாகத் திரும்புவது. இவை மூன்றும் கும்மியிலும் உண்டு. குனிவதும் நிமிர்வதும் கைதட்டலோடு காலைச் சேர்ப்பதும் கூடுதல். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்காத பெண் இந்த ஊர்களில் அந்தத் தலைமுறையில் அரிது. கும்மியின் அடவுகளை மெதுவாக்கி, வலியுள்ளவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யும்படி நம் பிசியோதெரபிஸ்டுகள் வகுத்து, தேனி அரசு மருத்துவக் கல்லூரி அதை முறையாகச் சோதித்துப் பார்க்கலாம். பலன் என்னவென்று சோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைச் சோதனையின்றியே சொல்வேன்: ‘எக்சைசு’ என்றால் முகம் திருப்பும் பெண், கும்மி என்றால் எழுந்து வருவார்.

வானொலி இருக்கிறது. கொடைக்கானல் மலை மேலிருந்து 100.5-ல் ஒலிக்கும் கோடை பண்பலை, தேனி, திண்டுக்கல், மதுரை என்று பல மாவட்டங்களின் வயல்களிலும் கடைகளிலும் கேட்கிறது. மலையடிவாரத்தில் கைபேசி சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும் அது வரும். காலையிலோ மதியத்திலோ பத்து நிமிடம், இந்த வட்டாரப் பேச்சில், முதியோருக்கான பயிற்சி ஒலித்தால், ஊர்ச் சாவடியில் ஒரு ரேடியோ போதும். ஜப்பான் 1928-ல் செய்ததைச் செய்ய நமக்கு 2020-களின் செயலி தேவையில்லை.

செயலி நடத்தும் நிறுவனங்களோடு அரசு ஒப்பந்தம் போடும் நாள் வரலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு முதியவர் எப்படி நடக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்ற தகவல் யாரிடம் இருக்கும்? காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகுமா? கேமரா வீட்டுக்குள் பார்ப்பதை அந்த வீட்டுப் பெண்ணுக்கு விளங்கும்படி யார் சொல்வார்கள்? மக்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்ற பாடத்தைப் பொட்டிபுரம் அறியும். அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு இந்த ஊரின் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆய்வகத்தின் நன்மை தீமை தனி விவாதம். முடிவெடுத்துவிட்டு விளக்கம் சொல்ல வந்தால் மக்கள் காது கொடுக்க மாட்டார்கள் என்பதை அறிவியலாளர்களும் அரசும் அங்கே பார்த்தார்கள். பெரிய ஆய்வகத்துக்குப் பொருந்தியது சிறிய செயலிக்கும் பொருந்தும். கிராம சபையில் முதலில் வைக்கட்டும். மூத்தவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து திட்டத்தை வகுக்கட்டும்.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ.நடராஜன் முயற்சியால் முதியோருக்கான தனிப்பிரிவு தொடங்கியது. இந்தியாவில் அது முதலாவது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. பொட்டிபுரத்திலிருந்து கிண்டி வெகு தூரம். அங்கே சேர்ந்த அறிவு இங்கே வருவதற்கு நான் மேலே சொன்ன ஏற்பாடு ஒரு வழி.

முழு மாநிலத்துக்கும் அறிவிக்க வேண்டாம். மலையடிவாரத்து ஒன்றியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாசியில் தொடங்கலாம். அந்த மாதத்தில் காய் எடுப்பின் கடைசிச் சுற்று முடிந்து, ஜீப்புகளில் ஆள் குறைந்து, மகள்கள் வீட்டில் இருப்பார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது பக்கத்தில் நிற்க ஆள் கிடைக்கும். மகளும் கூடவே கற்றுக்கொள்ளட்டும். அவள் முழங்கால் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. தன்னார்வலரின் பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும்: எழுந்து நடந்து திரும்பி உட்கார எத்தனை நொடி. அடுத்த ஆடியில் ஜீப்புகள் மறுபடி ஆள் ஏற்றத் தொடங்கும்போது அந்த எண்ணை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.